நாய்க்குடையா, புற்றுக் காளானா? பறிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் விடாமல் மழை பெய்து, அடுத்த நாள் வெயில் எறித்தால் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் புற்றடிகளில் காளான் முளைத்து நிற்கும். அதே காலையில், அதே ஊரின் பள்ளிக்கூட மைதானத்துப் புல்லிலும் தென்னந்தோட்ட ஓரத்திலும் அதைவிடப் பெரிதாக, வெள்ளையாக, தட்டுப்போல இன்னொன்று விரிந்திருக்கும். முதலாவது கறிச்சட்டிக்குப் போவது. இரண்டாவது, தின்றவரை வாந்தியும் வயிற்றோட்டமுமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. ஊர் வழக்கில் தின்னக்கூடியதைக் காளான் என்றும் தின்னக்கூடாததை நாய்க்குடை என்றும் பிரிப்பார்கள். பிரிப்பு நல்லதுதான். எதைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்பதில்தான் கோளாறு. நிறத்தை மட்டும் பார்த்தால், அல்லது குடையை மட்டும் ஒடித்தெடுத்துக்கொண்டு வந்து வீட்டில் பார்த்தால், அனுபவசாலியும் ஏமாறுவார்.

புல்லில் நிற்கும் அந்தப் பெரிய வெள்ளைக் காளானின் அறிவியற் பெயர் குளோரோபிலம் மொலிப்டைற்றிஸ். வெப்ப நாடுகள் எங்கும், மனிதர் புழங்கும் புல்வெளிகளில் மழைக்குப் பின் முளைப்பது. அதன் வித்தி, அதாவது காளான் பரவுவதற்கு உதிர்க்கும் நுண்தூள், பச்சை நிறம் என்பதால் இங்கே பச்சைவித்திக் காளான் என்றே சொல்வோம். அதைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால், காட்டில் முளைக்கும் அதைவிடக் கொடியவற்றைப் பார்க்கும் முறையும் பாதி கைக்கு வந்துவிடும்.

பார்க்க வேண்டிய உறுப்புகள்

நாம் பறிப்பது பங்கசின் காயை மட்டும்தான். உடம்பு மண்ணுக்குள், உக்கிய இலைக்குள், மரவேரைச் சுற்றி நூல் நூலாக ஓடிக்கொண்டிருக்கும். மேலே தெரிவதில் ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும். குடை, குடையின் அடியில் புத்தகத் தாள்போல அடுக்கியிருக்கும் ஏடுகள், தண்டு, தண்டில் வளையம் இருக்கிறதா என்பது, தண்டின் அடி. கடைசியாகச் சொன்னது மண்ணுக்குள் இருப்பதால் அதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். காளானைப் பிடுங்கக் கூடாது. சுற்றிவரக் கத்தியாலோ சிறு மண்வெட்டியாலோ ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணோடு தூக்க வேண்டும். அடியில் முட்டைக்கோதுபோல ஓர் உறை இருந்தால், பிடுங்கும்போது அது மண்ணிலேயே தங்கிவிடும். கையில் வருவது அப்பாவி முகத்தோடு ஒரு வெள்ளைக் குடை மட்டுமே.

பச்சைவித்திக் காளானை மூன்று நாள் பார்த்தால்

இதை வயதோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். முதல் நாள் புல்லுக்கு மேலே மேளக்குச்சியின் முனைபோல உருண்டு நிற்கும். மேல்தோல் இளம் பழுப்பு. குடை விரிய விரிய அந்தத் தோல் வெடித்துச் செதிள் செதிளாகப் பிரியும். உச்சியில் மட்டும் ஒரு பழுப்புப் பொட்டு தோலோடு மிஞ்சும். அதைச் சுற்றி வெள்ளைத் தசையில் பழுப்புச் செதிள்கள் சிதறிக் கிடக்கும். முழுதாக விரிந்தால் குடை 10 சென்ரிமீற்றரில் இருந்து 30 சென்ரிமீற்றர் வரை அகலும். சாப்பாட்டுக் கோப்பை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டு வழவழப்பானது. மேற்பகுதியில் தடித்த ஒரு வளையம் இருக்கும். அதை விரலால் மெல்லத் தள்ளினால் மோதிரம்போலத் தண்டில் மேலும் கீழும் நகரும். அடி கொஞ்சம் வீங்கியிருக்கும், உறை கிடையாது. அடியை வெட்டினால் சில நிமிடத்தில் வெட்டுவாய் செம்பழுப்பாக மாறுவதுண்டு. எல்லாக் காளானிலும் அது தெளிவாகத் தெரியாது என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. பல சமயம் இவை வட்டமாக முளைக்கும். மண்ணுக்குள் நூல்கள் நடுவில் இருந்து வெளிப்புறமாகப் பரவி, விளிம்பில் காய்ப்பதால் அப்படி வருகிறது. பேய் ஆடிய இடமும் இல்லை, பாம்பு சுற்றிய இடமும் இல்லை.

ஏடுகளில்தான் பொறி இருக்கிறது. முதல் நாளும் இரண்டாம் நாளும் ஏடுகள் தூய வெள்ளை. வித்திகள் முற்றிய பிறகுதான் சாம்பல் கலந்த பச்சை ஏறும். பழுத்த குடையைக் கவிழ்த்துப் பார்த்தால் பாசி படிந்த சுவரின் நிறம். சமைக்க எடுப்பவர் இளசாகப் பார்த்துத்தானே எடுப்பார்? அந்த இளசில் பச்சையே தெரியாது. ஆகையால் ஒன்றைக் கண்டால் அதே இடத்தில் அதைவிட முற்றிய இன்னொன்று இருக்கிறதா என்று தேடிப் புரட்டிப் பாருங்கள். பச்சை தட்டினால் அந்த இடத்தில் நிற்பது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

தின்றால் என்ன ஆகும்? பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்துக்குள் வயிறு முறுக்கும். அடுத்தடுத்து வாந்தி, தண்ணீராகப் போகும் வயிற்றோட்டம், சிலருக்கு அதில் இரத்தமும் வரும். வளர்ந்தவர் பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடுவார். சின்னப் பிள்ளைக்கும் வயதானவருக்கும் அபாயம் நீரிழப்பில் இருக்கிறது: உடம்பில் இருந்து நீரும் உப்பும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். இந்த நச்சின் ஒரு பகுதி புரதம் என்பதால் நீண்ட நேரம் வேகவைத்தால் ஓரளவு சிதையும். “நாங்க திண்டதுதானே, ஒண்டும் செய்யல்ல” என்று யாராவது சொன்னால் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அடுத்த முறை சட்டி பெரிதாக, தீ குறைவாக, நடுவில் இருந்த துண்டு அரைவேக்காடாகப் போனால் அதே ஆள் படுத்துவிடுவார். வேகவைத்ததைத் தின்றும் நோயுற்றவர்கள் உண்டு.

புற்றுக் காளான் எப்படி வேறுபடும்

புற்றுக் காளானின் இனம் டேர்மிற்றோமைசஸ். இது கறையான் வளர்க்கும் பயிர். கறையான் உக்கிய இலையையும் விறகையும் மென்று புற்றுக்குள் தேன்வதைபோல ஒரு தோட்டம் கட்டி, அதில் இந்தப் பங்கசை வளர்த்துத் தின்னும். மழையில் மண் இளகியதும் அந்தத் தோட்டத்தில் இருந்து காளான் மேலே துளைத்து வரும். அதனால் பெரிய வகைகளின் தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு, மெலிந்து, புற்றின் அறைவரை போகும். தோண்டத் தோண்ட முடிவில்லாமல் இறங்கும் அந்த வேர்தான் முதல் அடையாளம். அடுத்தது, குடையின் நடுவில் கூரான ஒரு முனை. கட்டி மண்ணைக் குத்தித் துளைக்க அது வேண்டும். கைவிரலால் தொட்டாலே உறுதி தெரியும். ஏடுகள் முதலில் வெள்ளை, பிறகு இளஞ்சிவப்புச் சாயல். பச்சை ஒருபோதும் ஏறாது. வளையம் பல வகைகளில் இல்லை, சிலவற்றில் உண்டு. ஆகவே வளையத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அரிசி இறைத்ததுபோல நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் முளைக்கும் சின்ன வகையும் இதே இனம்தான். குடை 2 சென்ரிமீற்றர் அளவே இருக்கும், நீண்ட வேர் இருக்காது. கறையான் தோட்டத்தின் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து பரப்பிய மண்ணில் அது முளைக்கிறது. இங்கே கவனம் வேண்டும்: லெபியோட்டா என்ற குழுவிலும் 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த, செதிளுள்ள சின்னக் காளான்கள் வளவுகளிலும் மர நிழலிலும் முளைக்கும். அவற்றில் சிலவற்றில் ஈரலைக் கொல்லும் நச்சு இருக்கிறது. கறையான் மண்ணும் கூட்டமும் இல்லாமல், தனித்தனியாகவோ நாலைந்தாகவோ நிற்கும் சின்ன வெள்ளைக் குடைகளை, அவை எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடக்கக்காரர் எடுக்கவே கூடாது.

புற்றடிக்கு விடியலில் போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கங்களில் இருட்டோடு பற்றைக்குள் குனிந்து தேடுபவருக்கு நஞ்சைவிடக் கிட்ட நிற்பது யானை. வெளிச்சம் வந்த பிறகு போனாலும் காளான் ஓடிவிடாது.

வித்திப் பதிவு: ஓர் இரவு வேலை

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய, நம்பத்தகுந்த ஒரே சோதனை இது. முழுதாக விரிந்த குடையாகத் தெரிந்தெடுங்கள். மொட்டு வித்தி உதிர்க்காது. தண்டைக் குடையோடு ஒட்ட வெட்டி நீக்குங்கள். ஒரு பாதி வெள்ளை, மறு பாதி கறுப்பு இருக்கும்படி இரண்டு கடதாசிகளை அருகருகே வைத்து, ஏடுகள் கீழே இருக்கும்படி குடையை நடுவில் கவிழ்த்து வையுங்கள். வெள்ளை வித்தி வெள்ளைக் கடதாசியில் தெரியாது, அதற்குத்தான் கறுப்பு. குடையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கிண்ணத்தாலோ கிளாசாலோ மூடுங்கள். மூடாவிட்டால் மின்விசிறிக் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். இரவு வைத்தால் காலையில் ஏடுகளின் வரிவடிவம் மாப்பொடியால் கோலம் போட்டதுபோலக் கடதாசியில் பதிந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் மின்குமிழின் கீழ் வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும்.

மங்கிய பச்சை வந்தால் அது பச்சைவித்திக் காளான். வெள்ளை வந்தால் நிறுத்துங்கள்: மிகக் கொடிய அமானிற்றா குழுவும் லெபியோட்டாவும் வெள்ளை வித்திக்காரர்கள். துருப்பிடித்த பழுப்பு வந்தாலும் விடுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் புற்றுக் காளானாகவோ வைக்கோல் காளானாகவோ இருக்கலாம். “இருக்கலாம்” என்பதை அழுத்திப் படியுங்கள். என்ரொலோமா என்ற நச்சுக் குழுவுக்கும் வித்தி இளஞ்சிவப்புத்தான். வித்திப் பதிவு ஒரு காளானைச் சந்தேகப் பட்டியலில் இருந்து தள்ளிவிட உதவும்; தின்னலாம் என்று ஒப்பமிட்டுத் தராது. நிறம், வேர், கூர்முனை, முளைத்த இடம் நான்கும் ஒத்துவந்தால் மட்டுமே அது பெரிய வகைப் புற்றுக் காளான்.

வைக்கோல் காளானும் அதன் கொடிய சாயலும்

வெள்ளாண்மை வெட்டி முடிந்து, வயல் வட்டைகளில் நனைந்து கிடக்கும் வைக்கோற் குவியலில் முளைப்பது வைக்கோல் காளான். சாம்பல் நிற முட்டையாகத் தொடங்கி, அந்த முட்டையைக் கிழித்துக்கொண்டு விரியும். கிழிந்த உறை தண்டின் அடியில் கிண்ணம்போல மிஞ்சும். வளையம் இல்லை, வித்தி இளஞ்சிவப்பு.

அமானிற்றாவும் இப்படியே ஓர் உறைக்குள் இருந்து முட்டையாகத் தொடங்குகிறது. பல வகைகளில் அடியில் அதே கிண்ணம் மிஞ்சும். கூடவே தண்டில் பாவாடைபோல ஒரு வளையம், வெள்ளை ஏடுகள், வெள்ளை வித்தி. இது வைக்கோலில் முளைக்காது. மரங்களின் வேரோடு கூட்டு வைத்து, மரத்தடி மண்ணில் முளைக்கும். முட்டைப் பருவத்தில் இரண்டையும் வெளித்தோற்றத்தால் பிரிப்பது கடினம். அதனால் ஒரு விதி: மண்ணில் முளைத்த எந்த முட்டையையும் எடுக்காதீர்கள்.

ஐரோப்பாவைச் சேர்ந்த அமானிற்றா பலொய்டெஸ் என்ற வகை ஓக் மரங்களோடு அவுஸ்திரேலியாவுக்கும் போய், மெல்பேணிலும் கன்பராவிலும் மழைக்குப் பின் முளைக்கிறது. 2011 டிசம்பர் 31 இரவு கன்பராவில் அதைச் சமைத்து உண்டவர்களில் 2 பேர் 2012 ஜனவரி முதல் வாரத்தில் இறந்தார்கள். ஆசியாவில் வைக்கோல் காளான் தின்று வளர்ந்தவரின் கண்ணுக்கு அது பழகிய முகமாகத் தெரியும். மட்டக்களப்பில் இருந்து அங்கே குடிபோன உறவுகள் யாருக்காவது காளான் ஆசை வந்தால், கடையில் வாங்கச் சொல்லுங்கள்.

ஆறு மணி நேரக் கணக்கு

நச்சுக் காளானில் மருத்துவர் முதலில் கேட்பது “எத்தனை மணிக்குத் தின்றீர்கள், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது?” என்பதே. பச்சைவித்திக் காளான்போல வயிற்றை மட்டும் கலக்குபவை சீக்கிரம் காட்டிவிடும். அமானிற்றாவிலும் லெபியோட்டாவிலும் இருக்கும் அமாரொக்சின் என்ற நச்சின் வேலை 6 மணி நேரத்துக்குப் பிறகுதான், பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரத்தில், சிலருக்கு 24 மணி நேரம் கழித்தும் தொடங்கும். இரவுச் சாப்பாட்டில் தின்றவர் விடியற்காலையில் எழுந்து வாந்தி எடுத்தால், அது “காலையில் குடித்த தேத்தண்ணி ஒத்துவரவில்லை” என்று கழிக்கக்கூடிய விடயம் அல்ல.

தாமதத்துக்குக் காரணம் அந்த நச்சு வேலை செய்யும் விதம். கலத்துக்குள் புகுந்து, மரபுச் செய்தியைப் படியெடுக்கும் ஒரு நொதியத்தை அது பிடித்து நிறுத்துகிறது. படி வராவிட்டால் புரதம் உண்டாகாது. இருக்கும் புரதம் தீரும்வரை கலம் ஓடும், பிறகு சாகும். குடலின் உட்சுவர் முதலில் விழும்: வாந்தி, வயிற்றோட்டம். ஒரு நாள் போனதும் அது தணிந்து, நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். வீட்டார் ஆறுதல் அடைவார்கள், சிலர் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கும் போய்விடுவார்கள். அந்த நேரத்தில்தான் ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். இரத்தப் பரிசோதனையில் மட்டுமே தெரியும். மூன்றாம் நாள் அளவில் கண் மஞ்சளாகி, இரத்தம் உறையாமல், சிறுநீரகமும் கைவிடும்.

அளவு என்ன? உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு சுமார் 0.1 மில்லிகிராம் அமாரொக்சின் உயிரைப் பறிக்கப் போதும் என்பது மருத்துவக் கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 5 மில்லிகிராம். அமானிற்றா பலொய்டெஸ் ஒரே ஒரு காளானில் அவ்வளவு இருக்கும். அவித்தாலும் பொரித்தாலும் காயவைத்தாலும் குளிரூட்டியில் வைத்தாலும் இந்த நச்சு சிதையாது. அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் போய்விடும் என்பதும் இல்லை.

கணக்கில் ஒரு ஓட்டையும் உண்டு. கூடைக்குள் இரண்டு வகை கலந்திருந்தால், ஒன்று இரண்டு மணி நேரத்தில் வாந்தியைத் தந்துவிட்டு, மற்றது பின்னால் அமைதியாக வரும். சீக்கிரம் வாந்தி வந்தது, ஆகவே பயமில்லை என்று சொல்ல முடியாதது அதனால்தான்.

உதவாத சோதனைகள்

வெள்ளிக் கரண்டி கறுக்கும், உள்ளி போட்டால் நீலமாகும், சோறு நிறம் மாறும், மஞ்சள் போட்டால் நஞ்சு முறியும்: இவற்றில் ஒன்றுகூட அமாரொக்சினைக் காட்டாது, முறிக்காது. நத்தை தின்றது, புழு அரித்தது, ஆடு கடித்தது என்பதும் சான்று அல்ல. அவற்றின் உடம்பு வேறு. கசக்கும் என்றும் நினைக்காதீர்கள். அமானிற்றா பலொய்டெஸைத் தின்று உயிர்தப்பியவர்கள் சுவை நன்றாக இருந்ததாகவே சொல்லியிருக்கிறார்கள். மறுபக்கத்தில், தொட்டாலே விஷம் என்ற பயமும் தேவையில்லை. தொட்டுப் பார்க்கலாம், கையைக் கழுவினால் போதும். பூச்சாடியில் முளைக்கும் மஞ்சள் காளானைப் பிள்ளை தொட்டால் பதற வேண்டாம்; வாயில் வைத்தால்தான் பார்க்க வேண்டும்.

தின்றுவிட்டால்

வாந்தி வருகிறதோ இல்லையோ, அதே சட்டியில் தின்ற எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுப்பிக்காதீர்கள். புளித்தண்ணி, தேங்காய்ப்பால், நெய் எதுவும் கொடுக்காதீர்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையை நீங்களாகக் கொடுத்தால் நச்சு குடலுக்குள் தங்கும். தெளிவாக விழுங்கக்கூடியவருக்கு ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் சேலைனும், நச்சை உறிஞ்சும் கரித்தூளும், ஈரல் பரிசோதனையும்தான் முதலில் நடக்கும். நச்சு பித்தத்தோடு திரும்பத் திரும்பக் குடலுக்கு வருவதால் கரித்தூளைப் பல தடவை கொடுப்பார்கள்; குடித்தால் வாய் கறுக்கிறதே என்று மறுக்க வேண்டாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள நச்சுத் தகவல் நிலையத்திடம் மருத்துவர்கள் ஆலோசனை கேட்டுக்கொள்வார்கள்.

போகும்போது மிச்சக் காளான் இருந்தால் கடதாசிப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சொப்பிங் பையில் போட்டால் வியர்த்து, போய்ச் சேருமுன் கூழாகிவிடும். சமைக்காதது மிஞ்சவில்லை என்றால், பறித்த இடத்துக்கு ஒருவரை அனுப்பி அடியோடு தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். குடையின் மேல், ஏடு, தண்டின் அடி மூன்றையும் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் போனில் படம் பிடிக்கட்டும். யார் எத்தனை மணிக்கு எவ்வளவு தின்றார் என்று ஒரு துண்டில் எழுதுங்கள். கறி மிச்சம் இருந்தால் அதையும் மூடி எடுங்கள், அதுவரை சட்டியைக் கழுவ விடாதீர்கள்.